குண்டு எழுத்தும் எட்டுப் பெயர்களும்

“ஏம்மா, போர்டு வச்சி எட்டு நாளாச்சி, ஒரு காரு நிக்கல. மழ வந்துட்டா உப்பு மொத்தமும் கரஞ்சி பூடும். இன்னா போர்டு போட்டுக் குடுத்த நீ?”

மரக்காணத்தில் என் ஃபிளெக்ஸ் கடை வாசலில் நின்று கத்தியவர் செல்வி அக்கா. அதுவரை கூலிக்கு உப்பு வாரிய எட்டுப் பெண்கள் சேர்ந்து, முதல்முறையாகத் தங்களுக்கென்று உப்பளப் பாத்தி குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். ஈசிஆர் சாலை ஓரம் பந்தல் போட்டு உப்பு பாக்கெட் விற்றார்கள். போர்டு என் வேலை.

எங்கள் பக்கம் யாரும் ஃபான்ட் பெயர் சொல்ல மாட்டார்கள். “அந்த குண்டு எழுத்து போடுங்க” என்பார்கள். தடித்து, மூலையெல்லாம் உருண்டு, வலப்பக்கம் சாய்ந்து ஓடும். பார்த்தாலே சிரிக்கும். காதுகுத்துக்கும் அதுதான், செல்போன் கடைக்கும் அதுதான். கண்ணீர் அஞ்சலிக்கு மட்டும், கேட்டாலும் போட மாட்டேன்.

எனக்கும் கோபம் வந்துவிட்டது. “இருபது வருஷமா இதே எழுத்துதாங்க்கா போடுறேன். ஐஸ்கிரீம் கடைக்கு ஓடலியா?”

“ஐஸ்கிரீம் கடையில நின்னு படிக்கிறான். எனக்கு எவன் நிக்கிறான்?”

சுருக்கென்றது. இதை விடுவதில்லை என்று கடையைப் பூட்டிவிட்டு, புதுச்சேரி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். பந்தல் வந்தது, போனது. மஞ்சளும் சிவப்புமாக ஒரு கட்டிதான் தெரிந்தது. அடக் கடவுளே, நான் செய்ததையே என்னால் படிக்க முடியவில்லை!

தப்பு எழுத்தில் இல்லை. எங்கள் ஊர் வழக்கப்படி எட்டுப் பேரின் போட்டோ, பெயர், சாமி படம், விலை எல்லாம் போட்டு, அத்தனையையும் குண்டு எழுத்திலேயே அடைத்திருந்தேன். தடித்த எழுத்தைச் சின்னதாக்கினால் சுழியெல்லாம் அடைபட்டுப்போகும். அவுட்லைன், ஷேடோ வேறு.

திரும்பி வந்து டிசைனில் இருந்த எல்லாவற்றையும் எடுத்தேன். வெள்ளைப் பரப்பில் போர்டு அகலத்துக்கு நீல நிறத்தில் ‘உப்பு’ மட்டும். அதே குண்டு எழுத்துதான், தாராளமாக இடம் விட்டு. கீழே ஓர் அம்புக்குறி.

கடைக்கு வந்து ஸ்கிரீனைப் பார்த்த அக்காவின் முகம் விழுந்துவிட்டது. “எங்க பேரு?”

அவர்கள் பெயர் முதல்முறை அச்சில் வந்தது அந்தப் பழைய போர்டில்தான். எனக்குச் சங்கடமாக இருந்தது. “வேணாம்னா பழசே இருக்கட்டும்க்கா” என்றேன்.

அக்கா ஸ்கிரீனை இன்னொரு முறை பார்த்தார். “எடுத்துடு. மொதல்ல உப்பு விக்கட்டும்” என்றார்.

மாற்றிக் கட்டிய அன்றே மூன்று கார் நின்றது. ஐப்பசி மழை பிடித்தபோது பாத்தி மேட்டில் உப்புக் குவியலை மூடும் பனையோலைதான் கிடந்தது; உப்பு கரைவதற்கு முன்பே பாக்கெட்டாகிப் பந்தலுக்குப் போயிருந்தது.

மறுவாரம் அக்கா வந்தார். பந்தலுக்குள்ளே, ஜனங்கள் நின்று பாக்கெட் வாங்கும் இடத்தில், ஒரு போர்டு வேண்டுமாம். எட்டுப் பெயர்களையும் டைப் செய்துவிட்டு, பழக்க தோஷத்தில் குண்டு எழுத்துக்கு மாற்றப் போனேன்.

“அது ரோட்டுல ஓடட்டும்மா” என்று கையைப் பிடித்தார். “எங்க பேரு நேரா நிக்கட்டும்.”

அன்றிலிருந்து யார் வந்தாலும், ஃபான்டைத் தேடுவதற்கு முன்பு ஒன்று கேட்கிறேன்: படிக்கிறவர் நிற்கிறாரா, போகிறாரா?