மோர்மிளகாய் காய்ந்த கிடங்கு

"போர் முடிஞ்சதுக்கு அப்புறம் இந்தக் கிடங்க யாரும் யூஸ் பண்ணல ஆன்டி," என்றான், கிள்ளான் பக்கத்துக் காட்டுக்குள் எங்களைச் சுற்றிக் காட்ட வந்த இளைஞன். எனக்குச் சுருக்கென்றது. வெயிலில் சுட்ட சிமெண்டு வாசம் அதற்குள் மூக்கில் ஏறிவிட்டது.

அந்த வாசத்தோடு புளித்த மோரும் சேர்ந்தால் அது என் அம்மா.

எங்கள் ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளின் வாசலில் எதையும் காயவைக்கக் கூடாது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று ஆபீஸ் கணக்கரான கிராணி உத்தரவு போட்டார். மறுநாளே அம்மா மோர்மிளகாய்ச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இந்தக் காட்டுக்குள் நடந்தாள். நான் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். போர்க்காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் குண்டு அடுக்கி வைத்திருந்த இடம். சுற்றிலும் மர நிழல். இந்தத் தட்டைக் கூரையில் மட்டும் நல்ல வெயில்.

கொஞ்ச நாளில் லயத்துப் பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். கூரை முழுக்க மிளகாயும் வடகமும். கிராணி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"இது பட்டாளத்து இடம். எடுங்க எல்லாத்தையும்."

அம்மா மிளகாயைப் புரட்டுவதை நிறுத்தவில்லை. "பட்டாளம் வந்து கேக்கட்டும். எடுத்துடுறோம்."

கிராணி மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். அந்த வருஷ மிளகாய் நன்றாகவே காய்ந்தது.

இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்து மண்மேட்டின் வழியாகக் கூரைமேல் ஏறினேன். உள்ளங்கால் சுட்டது.

"ஆன்டி, மேல ஏறக்கூடாது. எறங்குங்க லா."

"பட்டாளம் வந்து கேக்கட்டும் தம்பி," என்றேன். "எறங்குறேன்."