கசடுக்குக் கிடைத்த பாஸ்

சமையலறையிலிருந்து 'ணங், ணங்' என்று இரும்பு உரல் இடிபடும் ஓசை வந்தது. கூடத்தில் விருந்தாளியோடு உட்கார்ந்திருந்த ரங்காத்தாளுக்கு ஒவ்வோர் இடியும் தன் தாலியின்மேல் விழுவதாகவே பட்டது.

இடித்தவர் அவள் கணவர் ஆத்தப்பன். முப்பது வருடம் பனியன் கம்பெனி நடத்தி, மகனிடம் ஒப்படைத்துவிட்டு, வெள்ளகோவில் தோப்பில் தேனீப் பெட்டி வைத்தவர். தேன் எடுத்த அடையை உருக்கினால் மெழுகு மேலே மிதக்கும். அடியில் கறுப்பாய்க் கசடு தங்கும். அதுதான் சர்வரோக நிவாரணி என்று வாட்ஸ்அப்பில் அவருக்கு ஞானம் பிறந்தது. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு, கசடை உரலில் இடித்து, நெல்லிக்காய் அளவு உருட்டி வேளை தவறாமல் விழுங்கினார். இருபத்தொரு நாளாயிற்று. கால் கட்டைவிரலில் இருந்த புண் ஆறவில்லை. சொந்தபந்தங்கள் உருண்டையை வாங்கி, "அருமைங்க" என்று மரியாதையாகச் சொல்லி, பைபாஸ் தாண்டியதும் கார் கண்ணாடியை இறக்கி வீசினார்கள்.

டாக்டர் திட்டினார். மகன் கெஞ்சினான். ரங்காத்தாள் வடித்த கண்ணீரில் ஒரு சாயப்பட்டறையே ஓடியிருக்கும். ஆத்தப்பனோ எல்லோரிடமும் ஒரே தாளை நீட்டினார். கசடில் வேகவைத்த பனியன் துணியை, வழக்கமாகச் சாம்பிள் அனுப்பும் டெஸ்டிங் லேபுக்கு அனுப்பி வாங்கிய ரிப்போர்ட் அது. தடைசெய்த சாயம் இல்லை, துவைத்தால் நிறம் போகாது, பாஸ்.

வேறு வழியின்றி ரங்காத்தாள் அந்த லேபில் வேலை பார்க்கும் சித்ரகலாவையே வீட்டுக்கு வரவழைத்திருந்தாள். உரல் ஓய்ந்தது. ஆத்தப்பன் கூடத்துக்கு வந்து சித்ரகலாவிடமும் அந்தத் தாளை நீட்டினார்.

"ஐயா, அது துணிக்குப் போட்ட டெஸ்டுங்க. புதுச் சாயம்னு நெனச்சுட்டோமுங்க. சாப்புடலாமான்னு நாங்க பாக்கலீங்க."

"அப்ப இதுல சத்தே இல்லீங்களா அம்மிணி?"

உடம்புக்கு ஆகிறது ஏதாவது இருக்கலாம், அதை ஆராய்ச்சிக்காரர்கள் பிரித்தெடுத்துச் சொல்லட்டும், மாத்திரைக்கு மாற்றென்று யாரும் சொல்லவில்லை என்று சித்ரகலா பக்குவமாக விளக்கினாள். அவர் அசையவில்லை. அவள் அந்தக் கட்டைவிரலைப் பார்த்தாள். பேனாவை எடுத்தாள். 'பாஸ்' மேல் கோடு போட்டாள்.

"சாப்புடறதுக்கு இது ரிஜெக்ட்டுங்க."

பெண்டாட்டி, பிள்ளை, வைத்தியர் எவருக்கும் வளையாத அந்தத் தலை தொங்கிப்போயிற்று. தொழிலில் இருந்த காலமெல்லாம் லேப் சொல்லும் 'ரிஜெக்ட்' என்ற அந்தச் சொல்லை அவர் எதிர்த்துப் பேசியதே இல்லை. மாத்திரை டப்பாவைக் கேட்டு வாங்கி, ஒன்றை விழுங்கினார். ரங்காத்தாள் முந்தானையில் முகம் புதைத்து விம்மினாள்.

தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்ததும் ஆத்தப்பன் நிமிர்ந்தார். "செருப்புக்குப் பாலிஷாப் போட்டா, டெஸ்ட் பண்ணித் தருவீங்களா?"

ஆபீசில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிக்கொண்டே சித்ரகலா வாசலுக்கு நடந்தாள். உருண்டை டப்பாவோடு அவர் எழுந்து வருவதற்குள் ரங்காத்தாள் அவளை அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.