புண் ஆறியும் போகாத நெறி

தை அறுப்பில் அரிவாள் என் இடது சுண்டுவிரலைச் சீவிவிட்டது. கதிரைப் பிடிப்பது இடது கை. அதனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் அந்தக் கையில் ஒரு தழும்பாவது இருக்கும். இரண்டாம் நாள் அக்குளில் நெறி கட்டியிருந்தது (உடம்பில் புண் வந்தால் அக்குளிலோ தொடை இடுக்கிலோ திரளும் கழலை). மஞ்சள் அரைத்துப் போட்டேன். புண் ஆறினால் நெறி கரைந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பத்து நாளில் புண் ஆறிவிட்டது. மாசி பிறந்தது. நெறி அப்படியே இருந்தது. அழுத்தினாலும் வலிக்கவில்லை.

திருப்பாச்சூருக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்று காணி நஞ்சை. என் கணவரின் தம்பியும் அவர் மனைவி செங்கம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார்கள். செங்கம்மா எனக்கு எட்டு வயது இளையவள். நான் பேசாததையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். ஒருநாள் கிணற்றடியில் குடத்தைத் தூக்கும்போது அவள் என்னைக் கவனித்துவிட்டாள்.

"இன்னாக்கா, கைய ஒடம்புல ஒட்டாம வச்சிகினு கீறே? நெறி இன்னும் போவலியா?"

"போயிடும்."

அவள் என் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "இதான் ஆறிப்போச்சே. புண்ணு இல்லாம நெறி சொம்மா கட்டாதுக்கா. வேற எங்கியோ கீது. தேடிப் பாரு."

தேட வேண்டியதில்லை. எங்கே என்று எனக்குத் தெரியும்.

ஆவணி மாதமே இடது மார்பின் மேல்பக்கத்தில், அக்குளை ஒட்டி, கொட்டைப்பாக்கு அளவில் ஒன்று கையில் தட்டுப்பட்டது. எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. கடைசிப் பிள்ளை பால் மறந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் அதைப் பால் கட்டு என்று நினைத்துக்கொண்டேன். பால் வற்றுவதற்கு மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். நானும் ரவிக்கைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டேன்.

"தலைல பூவ காணோம், வாசன மட்டும் ஆள தூக்குது. எங்க ஒளிச்சி வச்சிகினு கீறே?" என்று செங்கம்மா அப்போதே சிரித்தாள். சாமி படத்துக்கு வாங்கினேன் என்று சொல்லிவிட்டேன்.

தையில் விரல் வெட்டுப்பட்டபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அக்குளில் திரண்டதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டதே என்ற நிம்மதி. கூச்சத்தில் ஆறு மாதம் போயிற்று. இதைப் படிக்கும் சகோதரி யாராவது என்னைப் போல ஒளித்து வைத்திருந்தால், தயவுசெய்து இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள்.

நான் வாயால் சொல்லவில்லை. செங்கம்மாவின் கையை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன். அவள் என் குடத்தை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

என் கணவரிடம் அவளே சொன்னாள். அவர் வெகுநேரம் துண்டை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். "இங்க ஆம்பள டாக்டரு. நீ காட்ட மாட்டே. பட்டணத்துல பொம்பள டாக்டரு கீறாங்களாம். காலைல ரயிலுக்குப் போலாம்" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

டாக்டரம்மா தொட்டுப் பார்க்கும்போது நான் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எத்தனை மாதமாக இருக்கிறது என்று கேட்டார்.

"ஒரு மாசமாங்க" என்றேன்.

"ஆவணிலேர்ந்துங்க" என்றாள் செங்கம்மா. "அந்தப் பூ வாசன இன்னாத்துக்குன்னு இப்போதான் எனுக்கு வெளங்குது."

கட்டியில் சிறு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். புற்று என்று வந்தது. டாக்டரம்மா என்னை உட்காரவைத்து, ஒரு காகிதத்தில் மார்பை வரைந்து காட்டினார். பிறந்ததிலிருந்து கூட இருக்கும் உடம்பை நான் படத்தில்தான் முதலில் பார்த்தேன்.

மாதுளைக்குள் இருப்பது போல மார்புக்குள் பதினைந்து இருபது அறைகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய குழாய் காம்புக்கு வருகிறது. அது பால் வரும் வழி. இன்னொரு ஓட்டமும் இருக்கிறது. அது நிணநீர் (உடம்பெல்லாம் ஓடும் நிறமில்லாத நீர்). அதில் பெரும்பகுதி அக்குளுக்குப் போகிறது. கொஞ்சம் நடுநெஞ்சு எலும்பின் ஓரமாக உள்ளே போகிறது. வழியில் இருக்கும் நெறிகள் அதை வடிகட்டுகின்றன. கையிலிருந்து வரும் நிணநீரும் அதே அக்குளுக்குத்தான் வருகிறது.

என் தப்பு அங்கே விளங்கியது. இரண்டு வயலுக்கும் ஒரே வடிகால். கலங்கல் வந்தபோது நான் விரலைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்பையும், அதன் அடியில் உள்ள தசையையும், அக்குள் நெறிகளையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். பிழைப்பேனா என்று கேட்க வாய் வரவில்லை. வேறொன்று வந்தது.

"நெறிய எடுத்துட்டா, கைத் தண்ணி எங்கங்க வடியும்?"

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "இதை யாரும் என்னைக் கேட்டதில்லை. கொஞ்சம் வேற வழி பாத்துக்கும். வழி பத்தாம சில பேருக்குக் கை வீங்கும். உங்களுக்கு எப்படின்னு இப்பவே சொல்ல முடியாதும்மா."

அந்தப் பதிலால்தான் சம்மதித்தேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்னவர் மற்றதையும் சரியாகச் செய்வார் என்று தோன்றியது.

எடுத்த நெறிகளில், கீழே இருந்த மூன்றில் புற்று இருந்தது. மேலே காறை எலும்புப் பக்கம் இருந்தவற்றில் இல்லை. பிறகு ஐந்து வாரம் கரண்டு வைத்தார்கள் (எக்ஸ்ரே கதிரை உடம்பில் செலுத்துவது). தோல் கறுத்து உரிந்தது. சாப்பாடு பிடிக்கவில்லை. இரண்டும் சரியாகிவிட்டன.

வீட்டுக்கு வந்ததும் இடது கை விரல்களைச் சுவரில் பல்லி போல மேலே நகர்த்திப் பழக வேண்டியிருந்தது. எட்டிய இடத்தில் செங்கம்மா தினமும் கரிக்கோடு போடுவாள். "நேத்து கோட்டத் தாண்டலியே, இன்னிக்கு சோறு கெடையாது" என்பாள். விளக்கு மாடத்தைத் தொட்ட அன்று அவளே அழுதாள்.

நான்காம் மாதம் கை வீங்கியது. வளையல்களைச் சோப்புப் போட்டுக் கழற்றி, எல்லாவற்றையும் வலது கைக்கு மாற்றிக்கொண்டேன். சந்தையில் ஒருத்தி வெறும் இடது கையையே பார்த்தாள். பார்க்கட்டும் என்று நடந்தேன். அந்தக் கையில் சிறு கீறலும் படக்கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எங்கள் கழனியில் இனி நான் கதிர் பிடிக்க முடியாது.

அடுத்த தையில் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். செங்கம்மாவின் விரலில் அரிவாள் பட்டது. மறுநாள் அவள் வந்து கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"நெறி கட்டிகிச்சிக்கா. தொட்டுப் பாரு."

பார்த்தேன். தினமும் பார்த்தேன். ஏழாம் நாள் கரைந்துவிட்டது. ஆனாலும் அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, மார்பையும் பார்க்க வேண்டும் என்றேன். முன்பெல்லாம் அப்படி ஒரு வார்த்தை என் வாயில் வந்திருக்காது. அவள்தான் வெட்கப்பட்டாள். ஒன்றும் இல்லை.

எனக்கு ஆபரேஷன் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டுகிறேன். இதுவரை திரும்ப வரவில்லை. அடுத்த முறைக்கு அப்பால் நான் எதையும் நினைத்து வைப்பதில்லை.

என் இடது அக்குளில் இனி நெறி கட்டாது. கையில் புண் வந்தால் அங்கிருந்து சொல்ல யாரும் இல்லை. அதனால் தினமும் விளக்கேற்றும் முன் விரல் விரலாக நானே பார்க்கிறேன். கை காலையில் இலேசாக இருக்கும். வெயில் ஏற ஏறக் கனக்கும். எங்கள் வீட்டில் கடிகாரம் இல்லை.

"மணி இன்னாக்கா ஆவுது?" என்று செங்கம்மா கேட்பாள்.

நான் கையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்து, "மாடு வர்ற நேரம்" என்பேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.