தாராளமா ஓட்டு

கிண்டல் செய்வதற்கு முன் அவர் இடது கைச் சுண்டுவிரலைக் காதுக்குள் விட்டு ஒரு திருகு திருகுவார். கீழுதடு லேசாக உள்ளே மடங்கும். பார்வை எதிரில் நிற்பவரின் சட்டைப் பொத்தானில் நிற்கும். அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும். விரல் காதுக்குப் போய்விட்டால் வருகிற பேச்சைத் தலைகீழாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். 'அருமையான வேலை' என்றால், அவிழ்த்துப் போட்டு மறுபடி செய். 'நம்ம மேனேஜர் தங்கமான மனுஷன்' என்றால், கேட்ட உதிரிப்பாகம் இன்னும் வரவில்லை.

ஆஸ்பத்திரிகளின் விரிப்புகளும் போர்வைகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம் அது. அவர் அங்கே பாய்லரைப் பார்த்துக்கொள்பவர். மிஷின்களின் பழுதும் அவர் தலையில்தான். நீராவி சீறுகிற, டிரம்கள் உறுமுகிற கூடத்தில் நீளமாகப் பேச முடியாது. நாலு சொல்லைக் கத்திவிட்டு மிச்சத்தை முகத்தால் சொல்ல வேண்டும். அப்படியே பழகிப்போய், நேராகப் பேசுவதே அங்கிருந்தவர்களுக்கு மறந்துபோயிருந்தது. அதில் அவர் எல்லோருக்கும் அண்ணன். வாயைத் திறந்தாலே கசப்பு என்பதால் 'தேனு' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வீட்டில் அவர் வேறு ஆள். கூடத்து இரைச்சல் காதிலேயே தங்கியிருக்கும். அது அடங்கும்வரை யாரும் எதுவும் கேட்காமலிருந்தால் போதும் என்றிருக்கும். கேட்டதற்குப் பதில் உண்டு, அதுவும் ஒற்றைச் சொல்லில். அவர் மனைவியின் தம்பி சின்ன வயதிலிருந்து அந்த வீட்டில் வளர்ந்தவன். அத்தான் ஒரு நக்கல் பேசி அவன் கேட்டதில்லை. அத்தான் மழை வரும் என்றால், வெளியே எட்டிக்கூடப் பார்க்காமல் குடையை எடுத்துக்கொள்வான்.

அவனைச் சலவைக்கூடத்தில் சேர்த்துவிட்டதும் அவர்தான். மாதம் இன்னும் முழுதாக ஆகவில்லை. அவனுக்கு முன்கூடத்தில் துணி பிழியும் டிரம். அவருக்குப் பின்கட்டில் பாய்லர். ஒரே கூரை என்று பெயரே தவிர, முகம் பார்ப்பது வீட்டுக்குக் கிளம்பும்போதுதான்.

அந்த டிரம் ஈரத் துணியை வெறிபிடித்த மாதிரி சுழற்றித் தண்ணீரை உதறும். முழுக்க நிற்கிறவரை மூடி திறக்காதபடி ஒரு பூட்டு உண்டு. பூட்டு தளர்ந்துவிட்டது என்று தேனு சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். 'பார்க்கலாம்' என்பார் மேனேஜர். பார்க்கலாம் என்று சொல்லும்போது அவர் எதையும் பார்ப்பதில்லை, போனைத்தான் பார்ப்பார்.

அன்று பாய்லருக்கு வால்வு வாங்க தேனு கடைத்தெருவுக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். சலவைக்கூடத்து வாட்ஸப் குரூப்பில் மைத்துனன் கேட்டிருந்தான்: "டிரம் நிக்கறதுக்கு முன்னாடியே மூடி திறந்துக்குது. இந்த லோடை ஓட்டலாமா?"

மேனேஜரும் அந்தக் குரூப்பில் இருந்தார். அவர் கண்ணில் படட்டும் என்று நினைத்தார் தேனு. "தாராளமா ஓட்டு. கையை விட்டாலும் ஒண்ணும் செய்யாது" என்று எழுதி அனுப்பினார். எழுதும்போது சுண்டுவிரல் காதுக்குப் போனது. பக்கத்து சீட்டுக்காரர் வேண்டுமானால் அதைப் பார்த்திருக்கலாம்.

இரண்டு பேர் உடனே சிரிப்பு முகம் போட்டார்கள். மேனேஜர் மேலிருந்த எரிச்சல் அவருக்குக் கொஞ்சம் ஆறியது.

கடையில் வால்வின் மரையை நகத்தால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து போனில் கூப்பிட்டார்கள். வேகம் குறைந்த டிரம்முக்குள் ஒரு விரிப்பின் முனை சிக்கித் துருத்திக்கொண்டிருந்ததாம். மூடியைத் திறந்து கையை விட்டு இழுத்திருக்கிறான். விரிப்பு கையையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டது. முழங்கைக்குக் கீழே எதையும் டாக்டர்களால் காப்பாற்ற முடியவில்லை.

விசாரணையில் மேனேஜர் அந்தச் செய்தியை நிதானமாக, ஏற்ற இறக்கமில்லாமல் படித்துக் காட்டினார். அப்படிப் படிக்கும்போது அது நல்ல மனசோடு கொடுத்த அனுமதி மாதிரியே இருந்தது. எழுதியவருக்கே அப்படித்தான் கேட்டது.

"நீங்க எழுதினதுதானே?" என்று கேட்டார்.

"ஆமா."

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"ஓட்டாதேன்னு அர்த்தம்."

மேனேஜர் பக்கத்திலிருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். "ஓட்டாதேன்னே எழுதியிருக்கலாமே. வேலையும் மிச்சம்."

சிரிப்பு முகம் போட்ட இருவரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஒருவர் விரல் தவறிப் பட்டுவிட்டது என்றார். மற்றவர், தான் எல்லாவற்றுக்கும் அதைத்தான் போடுவது வழக்கம் என்றார். அவர்களை நொந்துகொள்ள முடியாது. கிண்டல் என்று புரிந்தது என்று சொன்னால், புரிந்தவர்கள் ஏன் ஓடிப்போய்த் தடுக்கவில்லை என்ற கேள்வி அடுத்து வரும். பூட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. அன்றே தேனுவை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

வேலை போனது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. வீட்டில் மனைவி அவர் பக்கம் பேசிக்கொண்டிருந்ததுதான் தாங்க முடியவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம், அவர் மிஷினைத் தப்பாகக் கணித்துவிட்டார், மனுஷன்தானே, யாருக்கும் தவறும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சுக்குள் ஒளிந்துகொண்டு மிச்சக் காலத்தைத் தள்ளிவிடலாம். அவர் தலையாட்டினால் போதும். இரண்டொரு முறை ஆட்டவும் செய்தார்.

வார்டில் மைத்துனன் கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் சட்டைப் பொத்தானைப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தான். சட்டையின் வலது கையை அக்கா மடித்து ஊக்கு குத்தியிருந்தாள். அவரைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டான்.

"விடுங்க அத்தான். உங்களுக்கே தெரியலன்னா எனக்கு என்ன தெரியும்?"

தலையாட்டியிருக்கலாம்.

"எனக்குத் தெரியும் மாப்ள," என்றார். "அது கிண்டல்."

பொத்தானில் இருந்த விரல்கள் நின்றன. ஜன்னலோரம் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த அக்கா திரும்பவில்லை. தண்ணீர் மட்டும் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவன் யோசித்தான். புரியாத பாடத்தைக் கேட்கிற பையனைப் போல மெதுவாகக் கேட்டான்.

"யாரை அத்தான்?"

மேனேஜரை என்று சொல்ல வாயெடுத்தார். அந்த மடித்த சட்டைக்கு முன்னால் அந்தச் சொல் வெளியே வரவில்லை. அக்கா குழாயை மூடினாள். "நீங்க வீட்டுக்குப் போங்க," என்றாள். "இனிமே இங்க வர வேணாம்."

அவர் போனார். தம்பியை ஆஸ்பத்திரியிலிருந்து அவள் நேராகத் தன் சித்தி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவளும் அங்கேயே இருந்துவிட்டாள்.

சலவைக்கூடத்தில் துணி மடிக்கிற அம்மா ஒருத்தியை நெடுநாள் கழித்து பஸ் நிறுத்தத்தில் பார்த்தார். டிரம்முக்குப் பக்கத்து மேஜையில் வேலை செய்பவள். அவளாகவே பேச்சை எடுத்தாள். விசாரணையில் அவளை யாரும் கூப்பிடவில்லையாம். அன்று அவன் போனைக் கொண்டுவந்து காட்டியபோதே, தேனு கிண்டல் பண்றாரு தம்பி, ஓட்டிடாதே என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவனுக்குக் கோபம் வந்துவிட்டதாம்.

"எங்க அத்தானை உங்களுக்குத் தெரியாதுக்கா," என்று சொல்லிவிட்டு மிஷினைப் போட்டிருக்கிறான். "அவரு விளையாட்டுக்குக்கூட அப்படிப் பேச மாட்டாரு."