மூக்குக்கு வைத்த சந்தனம்

சிவசாமிக்கு யார் மேல் வேண்டுமானாலும் சந்தேகம் வரும், தன்னைத் தவிர. வண்டி இருமினால் பெட்ரோல் செட்காரன் கலப்படம் செய்துவிட்டான். டயர் தேய்ந்தால் தோட்டத்தை மேற்பார்க்கிற கண்டாக்கையா ரோட்டைக் கவனிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் எனக்கும் அவ்வப்போது ஒரு பங்கு கிடைக்கும். நான் கண் வைத்ததால்தான் முன் விளக்கு உடைந்தது என்று ஒரு வருஷம் பூராவும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரிடம் இருந்தது ஒரு பழைய பெட்ரோல் ஜீப். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ரகம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேக்கணக்கு என்கிற மேல் பிரிவுக்கு ஆட்டோ ஏறாது, வேன் பாதி வழியில் நின்று யோசிக்கும். ஜீப் மட்டும் ஏறும். காலையில் மேக்கணக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் ராகலைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், சாயந்தரம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதும் சிவசாமியின் வேலை. ஜீப் ஓடாவிட்டால் பையன்கள் நடந்து போவார்கள். பெண் பிள்ளைகளைத் தேயிலைக்கு நடுவே இருட்டோடு அனுப்ப யாரும் துணிய மாட்டார்கள். சிறுத்தை ஒரு காரணம், சிறுத்தை இல்லாத காரணங்களும் உண்டு. ஆக, ஜீப் நின்றால் அவர்கள் படிப்பும் நிற்கும். இது மேக்கணக்கில் எல்லோருக்கும் தெரியும். சிவசாமிக்கு ரொம்ப நன்றாகத் தெரியும்.

ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. சிவசாமி அதை உடனே கவனித்தார். மனைவி மீனம்மாவிடம் ஒட்டுப் பொட்டு ஒன்றை வாங்கி விளக்கின் மேல் ஒட்டினார். விளக்கு தெரியவில்லை. கோளாறு தீர்ந்தது.

பிறகு வண்டி கறுப்பாகப் புகைவிட ஆரம்பித்தது. புகையை மறைக்கிற அளவுக்குப் பொட்டு கிடைக்கவில்லை. வண்டிக்கு வருஷ லைசன் எடுக்க வேண்டுமென்றால் புகைப் பரிசோதனையில் தேற வேண்டும். ஜீப் தேறவில்லை. லைசன் இல்லாமல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ராகலையில் பொலிஸ் முன்னால் போக முடியாது. ஜீப் கீழே எங்கள் லயத்து வீடுகளின் ஓரமாக நின்றுவிட்டது.

ராகலை பஜாருக்குப் பின்னால் கராஜ் வைத்திருக்கும் கஜேந்திரனிடம் கொண்டுபோனோம். தள்ள ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார். கஜேந்திரன் பிளக்கை மாற்றினான், ஏர் பில்டரைத் தட்டினான், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் வண்டிக்கு அடியில் படுத்து, சைலன்சர் குழாயில் திருகியிருந்த கட்டைவிரல் பருமனான ஒரு சாமானைக் காட்டினான். அதன் வயரில் மீட்டரைக் கோர்த்து என் கையில் கொடுத்துவிட்டு எஞ்சினை முடுக்கினான்.

"ஊசி அங்கிட்டும் இங்கிட்டும் ஆடணும்ணே. ஆடுதா?"

"தூங்குது," என்றேன்.

"அப்ப சென்சர் செத்துப்போச்சு. இதுதான்ணே வண்டிக்கு மூக்கு. வெளிய போற புகைய மோந்து பாத்து, பெட்ரோல் கூடவா கொறைவான்னு எஞ்சினுக்குச் சொல்லும். இது சும்மா கெடக்கிறதால, பெட்ரோல் பத்தலன்னு நெனச்சு எஞ்சின் ஊத்திக்கிட்டே இருக்கு."

சிவசாமி குனிந்து அந்தச் சாமானை மரியாதையோடு பார்த்தார்.

"அப்ப இதுதான் முக்கியமா தம்பி?"

"இது சரியா இருந்தா எல்லாம் சரியா இருக்கும்ணே."

அந்த வார்த்தையை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அடிபட்டுக் கிடந்த இன்னொரு ஜீப்பிலிருந்து கழற்றிய சென்சரைக் கஜேந்திரன் பூட்டினான். ஊசி ஆடியது, புகை நின்றது. மறுபரிசோதனைக்கு அடுத்த வாரம் நாள் கொடுத்தார்கள். அன்று காலை நுவரெலியாவுக்குப் போகும் வழியிலேயே, ஒட்டியிருந்த பொட்டின் ஓரமாக மஞ்சள் வெளிச்சம் கசிந்தது. அங்கே போய்ச் சேர்வதற்குள் கறுப்புப் புகையும் வந்துவிட்டது. ஜீப் மறுபடியும் தோற்றது.

நேரே கராஜுக்குத்தான் போனோம். "செத்த சாமான எந்தலையில கட்டிட்டியே!" என்று சிவசாமி போட்ட சத்தத்தில் பஜாரே திரும்பிப் பார்த்தது. கஜேந்திரன் சென்சரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். வயர் நுழைகிற மூடியைச் சுற்றி மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தான்.

"அண்ணே, இது சந்தனம்."

சிவசாமி சத்தத்தை நிறுத்தினார்.

"யாருண்ணே வச்சா?"

"வெள்ளிக்கிழமப் பூசைக்கு நாந்தான் வச்சேன். நீதானே முக்கியம்னு சொன்ன."

ஆயுத பூஜைக்கு எங்கள் பக்கம் தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தியிலிருந்து தையல் மெஷின் வரை எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. சிவசாமி எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. வண்டிக்கு அடியில் பாயை விரித்துப் படுத்து, கைக்கு எட்டிய பாகம் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்திருக்கிறார். முதல் சென்சர் அப்படிப் போனது. இரண்டாவது போனது, மறுபரிசோதனைக்கு முந்தின வெள்ளிக்கிழமைப் பூஜையில். அதுதான் மூக்கு என்று தெரிந்துவிட்டபடியால், மற்ற பாகங்களுக்கு ஒரு பொட்டும் அதற்கு மட்டும் சந்தனக் காப்பும் சாத்தியிருக்கிறார்.

"இது ஒரு பக்கம் புகைய மோக்கும்ணே, மறுபக்கம் இந்தச் சின்னச் சந்து வழியா வெளிக்காத்த வாங்கும். ரெண்டையும் ஒத்துப் பாத்துத்தான் பேசும். நீங்க சந்த அடைச்சிட்டீங்க. சந்தனம் சூட்டுல வெந்து சிமெந்து கணக்கா ஆயிருச்சு."

கஜேந்திரன் சந்தனத்தைச் சுரண்டி எடுத்துச் சென்சரைத் திரும்பப் பூட்டினான். ஊசி ஆடியது. அவனும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிவசாமி சிரிக்கவில்லை. மூன்றாவது பரிசோதனையில் ஜீப் தேறியது, லைசனும் கிடைத்தது. அதற்கும் அவர் சிரிக்கவில்லை. வரும் வழியில் ஒருவரையும் திட்டவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

மறுநாள் காலை முதல் ஓட்டத்துக்கு நானும் கூடப் போனேன். மேக்கணக்கில் பிள்ளைகள் ஏறினார்கள். தனுஜாவைக் காணவில்லை. இந்த வருஷம் ஓ.எல். பரீட்சை எழுத வேண்டிய பிள்ளை. சிவசாமி இறங்கி அவள் வீட்டுக்கு நடந்தார், நானும் பின்னாலேயே போனேன். வாசலில் ஒரு பயணப் பை கட்டி வைத்திருந்தது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் புறப்பட்டு நின்ற அவள் அம்மா காளியாயி எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தங்கச்சி, வண்டி சரியாயிருச்சு. பிள்ளைய அனுப்பு."

"மறுபடி நின்னா என்னண்ணே செய்றது? கொழும்புல துணிக்கடையில வேல இருக்காம். மத்தியானம் அவ மாமன் வந்து கூட்டிக்கிட்டுப் போகுது."

பெட்ரோல் செட்காரனையோ கஜேந்திரனையோ அவர் இழுக்கப்போகிறார் என்று நினைத்தேன். என்னை இழுத்தாலும் பேசாமல் ஒத்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன்.

"வண்டி நின்னதுக்கு நாந்தான் காரணம். சந்தனத்த வச்சு அடைச்சுக் கெடுத்தது நாந்தான்."

"சாமிக்குத்தானே வச்சீங்க."

"சாமிக்கு வைக்கல. வண்டி நின்னுருமோன்னு பயத்துல வச்சேன். நின்னுருச்சு."

காளியாயி கீழே ரோட்டு வளைவைக் கைகாட்டினாள்.

"தெனமும் பள்ளிக்கூட வெள்ள உடுப்பப் போட்டுக்கிட்டு அந்த மொடக்குல போயி நின்னாண்ணே. இன்னிக்கி வரும், இன்னிக்கி வரும்னு. வண்டி வராதுன்னு ஒரு வார்த்த வந்து சொல்லியிருக்கலாம். நேத்துத்தான் நான் கூப்பிட்டு உடுப்பக் கழட்டச் சொன்னேன்."

வண்டி நின்ற வெட்கத்தில் அத்தனை நாளும் மேக்கணக்குப் பக்கமே வராமல் இருந்த மனிதர் அவர். வாசலில் இருந்த பையையே பார்த்துக்கொண்டு நின்றார். காளியாயி பையைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

"தனுஜா, உடுப்ப மாத்திக்கிட்டு வா. மாமங்கிட்ட நான் பேசிக்கிறேன்."

அந்தப் பிள்ளை ஒரு பக்கம் மட்டும் சடை பின்னிக்கொண்டு ஓடி வந்து ஏறியது. மறுபக்கத்தை வண்டிக்குள்ளேயே பின்னிக்கொண்டது. சிவசாமி ராகலை வரைக்கும் அழுதுகொண்டே ஓட்டினார். பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று மறைக்கக்கூட இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தேன்.