சூளையில் நீலமான காக்கா

எங்கள் வீட்டில் அப்போது இரண்டு பிடிவாதக்காரிகள் இருந்தோம். ஒருத்தி அம்மாவின் தங்கை, அதாவது என் சித்தி. இன்னொருத்தி நான். எனக்கு ஏழு வயது என்பதால் என்னுடையதற்கு அடம் என்று பெயர். சித்தியுடையதற்கு அம்மா வைத்திருந்த பெயர்களை இங்கே எழுதினால் சித்தி என்னைச் சும்மா விடமாட்டாள்.

சித்தி மெட்ராஸில் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை லீவில், டிரங்குப் பெட்டியோடு விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள். கடைசியாக அவள் வரைந்து கொடுத்தது ஒரு காக்காக் கதை. படம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் குழந்தைகளுக்குப் பிடிக்காது என்று சொல்லிப் பதிப்பகத்தார் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.

"புள்ளைங்களுக்குப் பிடிக்காதுன்னு அவுங்களுக்கு எப்பிடித் தெரியும்? நான் புள்ளைங்களையே கேட்டுக்கறேன்" என்றாள் சித்தி.

"ஊறுகா கம்பெனில லேபிள் வரையக் கூப்புடறாங்க இல்ல, பேசாம அதுக்குப் போ. இந்தப் புள்ளைங்க படமெல்லாம் சோறு போடாது" என்றாள் அம்மா.

எனக்கு ஊறுகாய் உயிர். ஆகவே அம்மா சொன்னது நல்ல யோசனை என்றே எனக்குப் பட்டது.

பெரியப்பாவுக்குத் தொழிற்பேட்டையில் ஜாடியும் பொம்மையும் செய்கிற சின்னப் பீங்கான் கம்பெனி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா கிடந்த ஒரு ஷெட்டை அவரிடம் கேட்டு வாங்கி, சித்தி படம் வரைகிற வகுப்பு ஆரம்பித்தாள். தெருவிலிருந்த பொடிசுகள் எல்லாரும் போனோம். எங்களுக்கும் வேறு வேலை இல்லை. நாங்கள் வீட்டில் இல்லாமல் இருந்தால் போதும் என்று அம்மாக்களும் அனுப்பிவைத்தார்கள்.

அந்த வகுப்பில் ரப்பர் கிடையாது. இரண்டு மலை, நடுவில் சூரியன், பக்கத்தில் ஒரு தென்னைமரம் என்று நாங்கள் ஸ்கூலில் கற்று வைத்திருந்த படத்துக்கும் அங்கே அனுமதி இல்லை. பீங்கான் மண்ணைக் கூழாகக் கரைத்துக் கொடுப்பாள். சிமெண்டுத் தரையில் விரலால் வரைய வேண்டும். நாங்கள் வரைவதைவிட அதிகமாகச் சித்திதான் கேள்வி கேட்டாள். இந்த ஆடு எங்கே பார்க்கிறது, இந்த ஆளுக்கு ஏன் இவ்வளவு பெரிய கை. தெரியாதவள் போலக் கேட்பாள். பெரியவர்கள் இப்படிக் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. அதனால் சித்திக்கு விவரம் போதாது என்று முடிவு செய்து, பொறுமையாகவே பதில் சொன்னோம்.

ஒருநாள், திரும்பி வந்த அந்தக் காக்காப் படத்தை எங்கள் நடுவில் வைத்தாள். மளிகைக்கடைக்காரர் மகள் ஜமீலா குனிந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது. ஆனா இந்தக் காக்காவுக்குப் பசியே இல்ல" என்றாள். சித்தி வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் புதிதாக வரைய உட்கார்ந்துவிட்டாள்.

பெரியப்பாவுக்குத்தான் இது பிடிபடவில்லை. தரையில் வரைந்து தரையிலேயே கழுவி விடுகிற வித்தை எதற்கு என்று கேட்டார். சித்தி விடவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். "ஆளுக்கு ஒரு தட்டு தரேன். வரையச் சொல்லு. சூளையில ஜாடியோட வச்சு சுட்டுத் தரேன். பெத்தவங்க வந்து பாத்து நல்லாருக்குன்னு சொன்னா ஷெட்ட நீயே வச்சிக்க. இல்லன்னா எனக்கு சரக்கு அடுக்க எடம் வேணும்."

அந்த ஞாயிறு நாங்கள் வரைந்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் யாரும் வரைந்திருக்கமாட்டார்கள். சித்தியே அலமாரியில் இருந்த டின்களைத் திறந்து பார்த்து, கறுப்புப் பொடியாக ஒன்றை எடுத்துக் கரைத்துக் கொடுத்தாள். நான் காக்கா வரைந்தேன். இறகு இறகாக, மூச்சுப் பிடித்துக்கொண்டு. ஜமீலா தன் வீட்டுக் கறுப்பு ஆட்டை வரைந்தாள். மற்றவர்கள் அப்பாவின் மீசை, அம்மாவின் சடை, எருமை என்று கறுப்பாக என்னவெல்லாம் உண்டோ அத்தனையும் வரைந்தார்கள்.

பீங்கான் வேலையில் ஒரு சமாசாரம் உண்டு. சில பொடிகள் டின்னில் ஒரு நிறமாகவும் வெந்து வந்தபின் வேறு நிறமாகவும் இருக்கும். கறுப்பாகத் தெரிகிற அந்தக் கோபால்ட் பொடி சூளைக்குள் போனால் நல்ல நீலமாகிவிடும். பேட்டையில் வேலை செய்கிற எல்லாருக்கும் இது தெரியும். எல்லாருக்கும் தெரிந்ததால்தான் யாரும் சொல்லவில்லை. நீலம் வேண்டும் என்றுதான் மெட்ராஸ் அம்மா அதை எடுக்கிறார் என்று ஆட்கள் நினைத்துக்கொண்டார்களாம். காகிதத்தில் வரைகிறவளுக்குக் கறுப்பு என்றால் கறுப்புதானே.

அடுத்த ஞாயிறு பெற்றோர்கள் கூடியிருக்க, பலகையில் வரிசையாகத் தட்டுகள் வந்தன. நீல மீசை. நீலச் சடை. நீல எருமை. சாயம் வெளுப்பதைத்தான் ஊரில் கேள்விப்பட்டிருக்கிறோம்; இங்கே சாயம் ஏறிப் போயிருந்தது. யாரோ முதலில் சிரித்தார்கள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். "எங்க வூட்டு ஆட்ட மையில முக்கி எடுத்துட்டாங்க போலிருக்குதே" என்றார் ஜமீலாவின் அத்தா. ஜமீலா அழ ஆரம்பித்தாள். நான் அழவில்லை. என் காக்காவை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று கத்தினேன்.

பெரியப்பா கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம். அவரும் சிரித்தார். "சரிம்மா, போதும். நாளைக்கி ஜாடிய கொண்டாந்து அடுக்கச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சித்தி சூளைப் பக்கம் திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அங்கே அனல் அதிகம்தான்.

அந்த வாரம் முழுவதும் சித்தி பிரஷ்ஷைத் தொடவில்லை. அம்மா மட்டும் வழக்கத்துக்கு விரோதமாக அவளிடம் அன்பாகப் பேசினாள். நானோ அந்தத் தட்டோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். தேய்த்துப் பார்த்தேன், புளி போட்டு விளக்கிப் பார்த்தேன். நீலம் அசையவில்லை. ஒரு மத்தியானம், கழுவிய தட்டை வெயிலில் காய வைத்துவிட்டுக் காவல் இருந்தபோது, சோற்றுப் பருக்கைக்காக ஒரு காக்கா கிணற்றடியில் வந்து உட்கார்ந்தது. இறக்கையைக் கொஞ்சம் விரித்தது. வெயில் பட்டதும் அந்தக் கறுப்புக்குள்ளிருந்து நீலம் மினுங்கியது.

என் தட்டைப் பார்த்தேன். காக்காவைப் பார்த்தேன். தப்பு தட்டில் இல்லை, சிரித்தவர்களிடம்தான் என்று எனக்குத் தெளிவாகிவிட்டது. அன்றே வீடு வீடாகப் போனேன். காக்கா நீலந்தான், வேண்டுமானால் வந்து பாருங்கள், வகுப்பு உண்டு, எல்லாரும் வந்தாக வேண்டும் என்று சொன்னேன். வரமாட்டேன் என்ற, எருமை வரைந்த பையனைக் கிள்ளினேன். அவனும் வந்தான்.

ஞாயிறு காலை நான் கிளம்பும்போது, சித்தி கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தாள். வகுப்புக்குச் சாமான் எடுக்கிறாள் என்று சந்தோஷமாக ஓடினேன். ஷெட் நிறைய ஜாடிகள். அதனால் என்ன? வெளியே, உடைந்த ஜாடிகளைக் குவித்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் எல்லாரையும் வரிசையாக உட்கார வைத்தேன். மடியில் அவரவர் தட்டு.

கொஞ்ச நேரத்தில் கேட்டுக்கு வெளியே ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. சித்தி இறங்கினாள். நல்ல சேலை கட்டி, செருப்பு போட்டு, கையில் பை வைத்திருந்தாள். ரிக்‌ஷாவில் டிரங்குப் பெட்டி இருந்தது. "உங்க பெரியப்பாகிட்ட சொல்லிக்கிட்டு…" என்று என்னிடம் ஆரம்பித்தவள், எங்கள் வரிசையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"லேட்டு சித்தி" என்றேன். "எல்லாரும் எப்பவோ வந்துட்டாங்க."

ஜமீலா தட்டை உயர்த்திக் காட்டினாள். "எங்க ஆடும் வெயில்ல நீலமாத்தான் இருக்குதுங்க. கிட்டப் போயி பாத்தேன்."

"அம்மா, ரயிலு வந்துடும்ங்க" என்றார் ரிக்‌ஷாக்காரர். இவர் யார் நடுவில் என்று எனக்கு எரிச்சல். "இன்னைக்கி கிளாசு இருக்குதுங்க. பொட்டிய எறக்கி வச்சுட்டுப் போங்க" என்றேன். அவர் சித்தியைப் பார்த்தார். சித்தி என்னைப் பார்த்தாள். பிறகு, "எறக்கிடுங்க" என்றாள்.

பெட்டி நடுவில் வந்தது. புதுக் கலர் எல்லாம் வெளியே வரும் என்று எட்டிப் பார்த்தோம். மேலே முழுக்கச் சேலை. அதன் கீழே ரவிக்கை, சீப்பு, கண்ணாடி. எல்லாவற்றுக்கும் அடியில், பழைய துணியில் இறுக்கிக் கட்டி, பிரஷ்கள் கிடந்தன.

"சேலை எதுக்கு சித்தி?"

"கை தொடைக்கத்தான்" என்றாள் சித்தி. மேலாக இருந்த பச்சைச் சேலையை எடுத்துத் தரையில் விரித்தாள். குரல் ஒரு மாதிரி இருந்தது; ஜலதோஷம் என்று நினைத்தேன். கூழ் கரைத்தோம், வரைந்தோம், அந்தச் சேலையில் தாராளமாகக் கை துடைத்தோம். பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, ஷெட்டில் ஜாடிகளை ஒரு ஓரமாக ஒதுக்கச் சொல்லி ஆளைக் கூப்பிட்டார். ஜங்ஷன் பக்கம் ரயில் கூவியது. சித்தி தலை நிமிரவில்லை. ஜமீலாவின் ஆடு எங்கே பார்க்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. வகுப்பு எடுக்க வருகிறவள் சேலையை மேலே வைத்து பிரஷ்ஷை அடியில் வைப்பாளா? பொறுப்பு வேண்டாமா? முடிந்து கிளம்பும்போது கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

"அடுத்த வாரமாவது பிரஷ்ஷ மேல வச்சு எடுத்துட்டு வாங்க சித்தி."

"சரிடி" என்றாள் சித்தி. "மேலயே வைக்கிறேன்."