மீன் தொட்டிக்குப் போட்ட சிமெண்ட்

வீட்டுக்கு வருகிறவர்கள் நம் தொட்டியைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ அழகான பாறைக்குப் பக்கத்துல குளிக்கிற மக் எதுக்குங்க?" என்று கேட்கிறார்கள். பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் என்னைக் கைகாட்டிவிட்டு உள்ளே ஓடிவிடுகிறீர்கள். அதனால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

முன்பு அந்த உப்புத் தண்ணீர்த் தொட்டியில் வெறும் மணலும், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்களும் மட்டும்தான் இருந்தன. "பாவம்ப்பா, பொட்டல்ல குடியிருக்குதுங்க" என்று சின்னவள் நச்சரித்தாள். சரி, பாறை கட்டி, பின்னால் அதன்மேல் காளான் போல் விரியும் பவளமும் வளர்க்கலாம் என்று நானும் இறங்கினேன். மீன்களை ஒரு டப்புக்கு மாற்றினோம். அவை ஒளிந்துகொள்ளச் சின்னவள் சிவப்பு மக் ஒன்றை உள்ளே சாய்த்துப் போட்டாள்.

பாறைக்கான கல்லைச் சென்னையில் கேட்கலாம் என்றேன். உங்கள் அம்மா சிரிக்கவில்லை.

"ஏங்க, அரியலூர்ல இருந்துக்கிட்டு மெட்ராஸ்ல கல்லு வாங்குனேன்னு வெளியில சொல்லிடாதீங்க."

மறுநாளே ரெட்டிபாளையத்தில் இருந்து, சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் உங்கள் மாமா வந்துவிட்டார். அவர் கிணறு வெட்டியபோது வந்த சுண்ணாம்புக்கல் ஒரு சாக்கு நிறைய. சில கல்லில் சிப்பி பதிந்திருந்தது.

"பாருங்க மச்சான், இதெல்லாம் முன்னாடியே கடல்ல கெடந்த கல்லு. சீக்கிரம் பழகிக்கும்."

அடுக்கினால் சரிந்தது. ஒட்டுவதற்கென்று பசை விற்கிறது என்றேன். அவர் முகம் வாடிப்போயிற்று.

"சிமெண்ட் ஆலைக்காரன வூட்டுக்குக் கூப்பிட்டுட்டு, பசை வாங்குவீங்களா?"

கலவை போட்டார். குகை வந்தது, வளைவு வந்தது. குகைக்கு மேல் சன்ஷேடு வைக்கிறேன் என்றவரை அம்மாதான் தடுத்தார்.

காய்ந்ததும் உப்புத் தண்ணீர் நிரப்பி, மீனைப் பிடிக்க வலையோடு குனிந்தேன். "இருங்கப்பா, தண்ணிய டெஸ்ட் பண்ணிடுறேன்" என்று பெரியவள் மருந்தைச் சொட்டினாள். லேசான பச்சை வரவேண்டிய இடத்தில் கத்தரிப்பூ நிறம் வந்தது.

"சிமெண்ட்ல இருந்து சுண்ணாம்பு இறங்குதுப்பா. விட்டா செத்துடும்."

எல்லாரும் மாமாவைப் பார்த்தோம். அவர் மேலே விட்டத்தைப் பார்த்தார். "அதான, க்யூரிங் பாக்கியிருக்குல்ல" என்றார், எல்லாம் திட்டப்படி நடப்பது போல.

அன்றிலிருந்து பாறைக்கு, புதிதாகப் போட்ட தளத்தைப் போல, காலையும் மாலையும் நல்ல தண்ணீர் நிரப்பி இறைத்தோம். "தளம் போட்டாச்சு, கிரகப்பிரவேசம் எப்பங்க?" என்று அம்மா குடத்தோடு போகும்போதெல்லாம் கேட்டார்.

இதற்கிடையில் டப்பில் இருந்த பெரிய மீன் இரையைத் தொடுவதை நிறுத்திவிட்டது. சின்னவள் தட்டில் இட்லி அப்படியே இருந்தது.

"அது சாப்புடட்டும், அப்பறம் நான் இட்லி சாப்புடறேன். அதுவரைக்கும் சோறு மட்டும் போதும்."

அதன்பின் அம்மா கேலி செய்யவில்லை. எனக்கு முன்னால் எழுந்து அவரே தண்ணீர் மாற்றினார். சீக்கிரம் முடியாதா என்று நான் கேட்டபோதெல்லாம் பெரியவள் சொட்டுப் பாட்டிலைக் காட்டித் தலையாட்டினாள்.

ஒருவழியாக நிறம் பச்சைக்கு வந்தது. மறுபடி உப்புக் கரைத்து, மீன்களை விட்டோம். இரண்டும் குகையை ஒரு சுற்றுச் சுற்றின. பிறகு வெளியே வந்து, கண்ணாடி மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. போட்ட இரை அப்படியே அடியில் இறங்கியது.

"வாசப்படி கொஞ்சம் ஒசரமா போயிடுச்சோ" என்றார் மாமா.

சின்னவள் டப்புக்குப் போய், அந்தச் சிவப்பு மக்கை எடுத்துவந்து குகைக்குப் பக்கத்தில் இறக்கினாள். முதலில் சிறிய மீன் அதற்குள் போனது. பின்னாலேயே பெரியதும் போனது. கொஞ்ச நேரம் கழித்துப் பெரிய மீன் தலையை நீட்டி, கீழே கிடந்த ஒரு துணுக்கைக் கவ்வியது.

சின்னவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இட்லி மிச்சம் இருக்காம்மா?"